ஊமத்தைப் புகை

சிவபெருமான் சடையில் இடம் பிடித்தும் நம் வீட்டுக் கொல்லையில் இடம் பிடிக்க முடியாத செடி ஊமத்தை. குப்பை மேட்டிலும் பாழ் நிலத்திலும் யாரும் விதைக்காமல் முளைத்து, யாரும் நீர் விடாமல் பூத்து, முள்ளுக் காயும் காய்த்து நிற்கும். அதன் விதையைச் சோற்றில் கலந்து வழிப்போக்கர்களை மயக்கிப் பணம் பறித்த கள்வர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியச் சாலைகளில் நிறையப் பேர் உண்டு. இப்பேர்ப்பட்ட விஷச் செடிதான், மூச்சு முட்டித் தவித்த ஐரோப்பியர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் கை கொடுத்தது. அந்த வித்தையை அங்கே அனுப்பி வைத்தது நம் சென்னைப் பட்டணம்.

கும்பெனிக் காலத்தில் சென்னையில் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். வைத்தியத்தைக் காட்டிலும் செடி கொடிகளில்தான் அவருக்கு மோகம் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பட்டுப்பூச்சி வளர்க்கிறேன், சாயப்பூச்சி வளர்க்கிறேன் என்று கும்பெனியாரை ஓயாமல் நச்சரித்த மனிதர். நுங்கம்பாக்கத்து ஆண்டர்சன் சாலை அவர் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. 1809-ல் காலமானார்.

சென்னைப் படையிலிருந்த ஜெனரல் ஜென்ட் என்பவருக்கு இரைப்பு நோய். உலர்ந்த ஊமத்தை வேரைக் குழாயில் இட்டுப் புகைக்கும்படி ஆண்டர்சன் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். குணம் தெரிந்தது. 1802-ல் ஜெனரல் அந்தச் சரக்கைச் சீமைக்குக் கொண்டு போய் சிம்ஸ் என்ற டாக்டரிடம் கொடுத்தார். அங்குள்ளவர்கள் தங்கள் நாட்டிலேயே விளைந்த ஊமத்தை இனத்தை எடுத்துப் பரீட்சை பார்த்தார்கள்; அதுவும் பலித்தது. சரித்திரம் இப்படி மூன்று வெள்ளைக்காரர்களின் பெயரைச் சொல்கிறது. ஆண்டர்சனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஊமத்தையைப் புகைப்பது இந்நாட்டு வைத்தியர்களின் பழைய வழக்கம். அந்த முதல் ஆசிரியரின் பெயர் மட்டும் இந்தக் கதையில் இல்லை.

பிறகு ஊமத்தை சிகரெட்டாக மாறி மருந்துக் கடை ஏறியது. பொடியாகவும் வந்தது, தட்டில் கொளுத்தி அறை முழுவதும் புகை மூட்டிக் கொள்வார்கள். சிறு வயது முதல் ஆஸ்த்மாவோடு வாழ்ந்த பிரெஞ்சு நாவலாசிரியர் மார்ஸல் புரூஸ்ட், பாரிஸில் சுவருக்குத் தக்கை பதித்த அறைக்குள் இப்படிப் புகை போட்டுக்கொண்டுதான் தம் பெரிய நாவலை எழுதினார். நமக்கெல்லாம் ஒரு கொசு ரீங்காரமிட்டால் பேனா நின்று விடுகிறது!

அந்தப் புகைக்குள் இருந்த சூட்சுமம் என்ன? மூச்சுக் குழல்களைச் சுற்றிலும் மெல்லிய தசைகள் உண்டு. நரம்பு "இறுகு" என்று ஆணையிட்டால் அவை இறுகும். ஊமத்தையிலுள்ள அட்ரோபின் முதலான சத்துக்கள் அந்த ஆணையை வழி மறித்து விடுகின்றன. தசை தளர்கிறது, மூச்சு வருகிறது. ஆனால் விஷம் விஷம்தானே? நாக்கு வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும். அளவு மிஞ்சினால் சித்தம் கலங்கும். எந்தச் செடியில் எத்தனை விஷம் என்று இலையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. போதாததற்கு, புகையே நெஞ்சுக்குப் பகை. இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைத் தேடிக் கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன்.

அட்ரோபினைச் சற்றே மாற்றி, ரத்தத்தில் அதிகம் சேராமலும் மூளைக்குள் புகாமலும் மார்போடு நின்று வேலை செய்யும்படி ரசாயனிகள் ஒன்றைச் செய்தார்கள். இப்ரட்ரோபியம் என்ற அந்த மருந்து 1970-களில் இன்ஹேலரில் வந்தது. ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் டியோட்ரோபியம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஆஸ்த்மாவுக்கு இன்று அடிப்படை மருந்து வேறு: மூச்சுக் குழலின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டிராய்டு. ஊமத்தையின் இந்த வாரிசுகளுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்திருப்பது இன்னோர் இடத்தில்; சிகரெட்டும் விறகடுப்பும் பல வருஷம் புகைத்துப் பாழாக்கிய நுரையீரலில். சிகரெட்டாக வாழ்ந்த மருந்துக்குச் சிகரெட்டின் புண்ணை ஆற்றும் வேலை!

அதையும் எத்தனை தூரம் ஆற்றுகிறது என்று பார்த்து விட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும், நுரையீரல் கெடத் தொடங்கியிருந்த 5,887 புகைக்காரர்களை ஐந்து வருஷம் கவனித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். இப்ரட்ரோபியம் உறிஞ்சிய வரையில் மூச்சு சற்று இலகுவாயிற்று; ஆனால் நுரையீரல் தேய்ந்துகொண்டு போகும் வேகம் குறையவில்லை. சிகரெட்டை விட்டவர்களுக்குத்தான் அந்த வேகம் குறைந்தது.