மூன்று ஹாக்கி அணிகளும் ஒரு கண்ணாடி ஊரும்

சென்னை வீரன்ஸ் என்று ஒரு ஹாக்கி அணி இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றாலும் குற்றமில்லை. இந்த மலையில் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியே காலம் தள்ளியவன் நான். அதற்குப் பிறகு வந்த சென்னை சீட்டாஸை என்னைப் போன்றவர்களே இப்போது மறந்துவிட்டோம். இன்று தமிழ்நாடு டிராகன்ஸ் ஆடுகிறது. இருபது வருஷத்தில் சம்பளத்துக்கு ஆடும் அணிகள் மூன்று. ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்று வரவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீரன்ஸ். 2005 ஜனவரியில் இந்திய ஹாக்கி சம்மேளனமும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியும் சேர்ந்து பிரீமியர் ஹாக்கி லீக்கைத் தொடங்கின. கிரிக்கெட்டில் ஐ.பி.எல். வருவதற்கு மூன்று வருஷம் முன்பே என்பதைக் கவனியுங்கள். எழுபது நிமிட ஆட்டத்தைப் பதினேழரை நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரித்தார்கள். "விளம்பரத்துக்காக ஆட்டத்தையே வெட்டுகிறார்களே" என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் 2014-இல் உலக ஹாக்கியே நான்கு கால்பகுதிக்கு மாறியது. அந்த வகையில் நம்மவர்கள் முந்திக்கொண்டார்கள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. முதல் பருவத்து ஆட்டங்கள் அத்தனையும் ஹைதராபாத்தில் நடந்தன. சட்டையில் சென்னை என்று எழுதியிருந்த அணியைச் சென்னைக்காரர் டி.வி.யில்தான் பார்க்க முடிந்தது. 2008 மார்ச்சில் சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போனது. அடுத்த மாதமே சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. லீக்குக்கும் அந்த வருஷமே கடைசி. வீரன்ஸும் கூடவே போனது.

அடுத்தது 2012-இல் வந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. எட்டு அணிகளில் ஒன்று சென்னை சீட்டாஸ். இந்த முறை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆடினார்கள், ஊர்க்காரரும் நேரில் பார்த்தார்கள். ஆனால் அந்த நேரம் இந்தியாவில் ஹாக்கியை ஆள்வது யார் என்று இரண்டு அமைப்புகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. சர்வதேச சம்மேளனம் இந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. அடுத்த பருவம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் நடக்கவே இல்லை. சீட்டாஸ் ஆடியது ஒரே ஒரு பருவம்.

2013-இல் ஹாக்கி இந்தியா லீக் பிறந்தது. 2017 வரை நடந்த அதில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. ஏழு வருஷம் தூங்கிய அந்த லீக் 2024 டிசம்பரில் மறுபடி எழுந்தபோதுதான் டிராகன்ஸ் வந்தது. முதல் பருவத்திலேயே அரையிறுதி வரை போய், பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில் தோற்று, நான்காவது இடம் பிடித்தார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தப் பருவத்திலும் சென்னையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அதே லீக்கில் ஆடிய உத்தரப் பிரதேச ருத்ராஸ் அணியின் உரிமையாளர்கள், கணக்கு கட்டுபடியாகவில்லை என்று ஒரே பருவத்தில் விலகிக்கொண்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு வீரன்ஸும் சீட்டாஸும்தான் நினைவுக்கு வந்தன.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே ஆடுவது ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே, பந்துக்குப் பதில் ரப்பர் வில்லையை அடித்து ஆடுவது. போலந்து எல்லையை ஒட்டி வைஸ்வாஸர் என்று ஒரு சின்ன ஊர். கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. ஊர்க் குளம் உறைந்தால் அதன்மேல் ஆடியவர்கள், 1932-இல் ஒரு கழகம் தொடங்கினார்கள். போருக்குப் பின் அந்த ஊர் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது. அந்த நாட்டின் சாம்பியன் பட்டத்தை வைஸ்வாஸர் 25 முறை வென்றது.

1970-இல் அந்த அரசு, செலவு அதிகம், ஒலிம்பிக் பதக்கம் கிடைக்காது என்று ஐஸ் ஹாக்கியைக் கைகழுவியது. மிஞ்சியவை இரண்டே கழகங்கள்: பெர்லின், வைஸ்வாஸர். இருபது வருஷம் அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதியே தேசிய சாம்பியனை முடிவு செய்தன. உலகிலேயே மிகச் சிறிய லீக்!

பிறகு பெர்லின் சுவர் விழுந்தது. கண்ணாடித் தொழில் படுத்தது. வேலை தேடி ஜனங்கள் வெளியேறி, ஊரின் மக்கள்தொகை பாதிக்கும் கீழே போனது. இன்று அங்கே இருப்பவர்கள் சுமார் 15,000 பேர். ஆனாலும் கழகம் சாகவில்லை. 'லவுசிட்ஸ் நரிகள்' என்ற பெயரில் ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடுகிறது. 2013-இல் புது அரங்கம்கூட வந்தது. அரசு மாறினாலும், ஆலை மூடினாலும், அப்பா ஆடியதைப் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் கழகத்தைக் காப்பாற்றியது.

நம்மிடமும் ஒரு வைஸ்வாஸர் இருக்கிறது. அங்கே கண்ணாடி என்றால் இங்கே தீப்பெட்டி, கடலைமிட்டாய். கோவில்பட்டியைத்தான் சொல்கிறேன். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குப் பெரிய பெரிய அணிகள் எல்லாம் அங்கே வந்து ஆடியிருக்கின்றன. லீக்குகள் வருவதும் போவதுமாக இருந்த அதே காலத்தில், அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தியும் அந்த அணியில் இருந்தார். 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி உண்டு. இவர்களை உருவாக்கியது ஏலமல்ல. தினமும் விடிகாலையில் திறந்துவிட்ட மைதானம்.

ஏலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024-இல் ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் வீரர்களை எடுக்க 4 கோடி ரூபாய் வரை அனுமதித்தார்கள். ஆட்டக்காரனுக்குப் பணம் கிடைப்பது நல்லதுதான். டிராகன்ஸ் பல்லாண்டு ஆட வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் விளம்பர ஒப்பந்தத்தை மட்டும் நம்பிய அணி, ஒப்பந்தம் முடிந்தால் முடிந்துவிடும். ஊரை நம்பிய அணிக்கு ஊர் இருக்கும்வரை ஆயுள்.

நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளின் காலும் மூச்சும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். வளைந்த கிளையை வெட்டி மட்டையாக்கி, துணிப்பந்தை அடித்து ஆடிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குறைவாக இருந்தது மட்டையும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும்தான். ஜமுனாமரத்தூரில் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன், முழங்கால் ஒத்துழைக்கும்வரை. போளூர், திருப்பத்தூர் பக்கத்து நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஹாக்கி மட்டை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.