லேசான மழை முன்கணிப்பு

லேசான மழை முன்கணிப்பு என்பது 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை பெய்யும் மழையை எண்ணியல் வானிலை மாதிரிகளால் முன்கூட்டிக் கணித்தல். இவ்வரம்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாடு. 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் அது மழை நாளாகாது.

உலகளாவிய மாதிரிகள் தூறலை மிகையாகவும் கனமழையைக் குறைவாகவும் காட்டுவது நெடுநாள் குறை. மாதிரி புவிப்பரப்பைப் பிரிக்கும் கட்டத்தைவிடச் சிறிய வெப்பச்சலன மேகங்களைத் தோராயச் சூத்திரங்களால் ஈடுசெய்வதே இதற்கு முதன்மைக் காரணம். மேகத்துளி மழைத்துளியாகும் வரம்பைத் திருத்துதல், விழும் துளி வழியில் ஆவியாவதைச் செம்மையாகக் கணக்கிடுதல், மழைமானிப் பதிவுகளைக் கொண்டு பிழை நீக்குதல் ஆகியவை தீர்வுகள்.

புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாரத் முன்கணிப்பு அமைப்பு 2025 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. கட்ட இடைவெளி 12 கி.மீ.யிலிருந்து 6 கி.மீ. ஆனது. ஆயினும் அரியலூர் மாவட்ட ரெட்டிபாளையம் போன்றதோர் ஊர் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். எனினும் அத்தகைய ஊரிலும் மானாவாரிப் பருத்திக்கு மருந்து தெளிக்கும் நாளை முடிவுசெய்ய லேசான மழை முன்கணிப்பு உதவும்.