சேற்றில் எழும் குமிழி

தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்தவர்கள் நடவு வயலில் ஒரு முறையேனும் கால் வைத்திராமல் இரார். தழை மிதித்து, சில நாள் ஊறவிட்டு, பரம்படிக்கக் காத்திருக்கும் வயலில் இறங்கினால், அடி எடுத்து வைக்குந்தோறும் பாதத்தைச் சுற்றிச் சிறு குமிழிகள் கூட்டமாக மேலெழுந்து உடைவதைக் காணலாம். “சேறு மூச்சு விடுகிறது” என்று என் சிறு பிராயத்தில் எங்கள் ஊர் உழவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அதை வேடிக்கையாகவே சொன்னார். பிற்காலத்தில் இரசாயனம் படித்தபோது, அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை பொதிந்திருந்தது என்பதை அறிந்து வியந்தேன்.

அந்தக் குமிழிக்கு ஒரு வரலாறு உண்டு. இத்தாலி நாட்டின் ஏரிக் கரையிலே தொடங்கி, கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தின் வழியாக வந்து, இறுதியில் நம் நாட்டு நெல் வயல்கள் அனைத்தின்மீதும் சாட்டப்பட்ட ஒரு குற்றத்தைத் தீர்த்துவைத்த வரலாறு அது. அதையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். ஒரு பொருளில் என்னென்ன கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் கலைக்குப் பகுப்பு இரசாயனம் என்று பெயர். ஆகவே குமிழியின் வரலாற்றைச் சொல்லும்போது பகுப்பு இரசாயனத்தின் வரலாற்றையும் உடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

1776-ஆம் ஆண்டில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர், மாஜியோரே ஏரியின் ஓரத்துச் சேற்றை ஒரு கோலால் கிளறினார். மேலெழுந்த குமிழிகளை நீர் நிறைந்த கவிழ்த்த குப்பியில் பிடித்தார். அந்த வாயுவுக்கு நெருப்பு வைத்தபோது அது நீலச் சுடருடன் எரிந்தது. சதுப்பு வாயு என்று அந்நாளிலும், மீத்தேன் என்று இந்நாளிலும் வழங்கும் பொருள் அதுவே. பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்துப் பெரும் புகழ் பெற்ற அதே வோல்ட்டாதான் இவர். அளவுக் கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயில் வாயுவையும் காற்றையும் அடைத்து, மின்பொறியால் எரித்து, கன அளவு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கும் முறையையும் அவர் கையாண்டார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் புன்சன் அம்முறையைச் செப்பமுறச் செய்து, 1857-இல் வாயுப் பகுப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கே சென்னை மாகாண அரசின் விவசாய இரசாயன அறிஞராக இருந்தவர் டபிள்யூ. எச். ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர். தஞ்சை டெல்டாவின் மண்ணைப் பல இடங்களில் எடுத்துப் பகுத்து ஆராய்ந்தவரும் அவரே. அவரோடு இணைந்து உழைத்தவர் பி. ஏ. சுப்பிரமணிய அய்யர். இவ்விருவரும் எழுப்பிய வினா மிக எளியது. மற்றப் பயிர்களின் வேரில் நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகிப் பயிர் மடிகிறது. நெல்லோ மாதக்கணக்கில் நீரில் நின்று செழிக்கிறது. அதன் வேருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?

இந்த வினாவுக்கு விடை தேட, அவர்கள் சேற்றின் மூச்சையே பகுத்துப் பார்த்தார்கள். அக்காலத்து வாயுப் பகுப்பு எவ்வாறு நடந்தது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. முதலில் வாயுக் கலவையைக் காரப் பொட்டாஷ் கரைசலோடு சேரவிடுவார்கள். கரியமிலவாயுவைக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கரியமிலவாயு. அடுத்துக் காரமூட்டிய பைரோகாலால் கரைசல் பிராணவாயுவை உறிஞ்சும். எஞ்சிய கலவையில் புதிதாகப் பிராணவாயுவைச் சேர்த்து மின்பொறியால் எரிப்பார்கள். 10 கன சென்டிமீட்டர் மீத்தேன் முற்றும் எரிய 20 கன சென்டிமீட்டர் பிராணவாயு வேண்டும். எரிந்தபின் 10 கன சென்டிமீட்டர் கரியமிலவாயு மிஞ்சும். உண்டான நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆக, 30 இருந்த இடத்தில் 10 மட்டுமே நிற்கும். ஹைட்ரஜன் எரிந்தாலோ கன அளவு குறையுமேயன்றிக் கரியமிலவாயு உண்டாகாது. ஆகவே குறைந்த கன அளவையும் பிறந்த கரியமிலவாயுவையும் தனித்தனியே அளந்துவிட்டால், நீங்கள் வகுப்பில் இரு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பதுபோல, மீத்தேன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். எதிலும் கரையாமலும் எரியாமலும் இறுதியில் நிற்பது நைட்ரஜன்.

ஹாரிசனும் சுப்பிரமணிய அய்யரும் தங்கள் முடிவுகளை 1913 முதல் 1916 வரை இந்திய விவசாய இலாகாவின் ஆய்வு வெளியீடுகளாகத் தொடர்ந்து வெளியிட்டார்கள். சேற்று வாயுவில் பெரும்பகுதி மீத்தேனும் நைட்ரஜனுமே என்றும், கரியமிலவாயுவும் ஹைட்ரஜனும் சிறு அளவினவே என்றும் அவர்கள் கண்டார்கள். மற்றொரு நுட்பமும் அவர்கள் கண்ணில் பட்டது. சேற்றின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கிறது. கீழிருந்து வரும் மீத்தேனை நுண்ணுயிர்கள் கரியமிலவாயுவாக மாற்றுகின்றன. அதைப் பாசி உட்கொண்டு, சூரிய ஒளியில் பிராணவாயுவை வெளியிடுகிறது. அந்தப் பிராணவாயு நீரில் கரைந்து கீழிறங்கி நெல்லின் வேருக்கு உதவுகிறது என்பது அவர்கள் கொண்ட முடிவு.

இந்த முடிவில் ஒரு பகுதி நிலைத்தது. மற்றொரு பகுதி பின்னர் திருத்தப்பட்டது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. இலை வழியே புகும் காற்று அவ்வறைகள் வழியாக இறங்கி வேரை அடைகிறது. வேருக்குக் காற்று வரும் பெருவழி இதுவே என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அதே வழியில் எதிர்த்திசையில் சேற்றின் மீத்தேன் மேலேறி வான்வெளியில் கலக்கிறது என்பதும் தெரியவந்தது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை, பயிரின் உடல் வழியாகவே வருகிறது. எனினும் மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் மேற்பரப்பில் இருந்து அதில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றன என்ற உண்மைக்கு இன்றும் மதிப்புண்டு. உலகெங்கும் நெல் வயல் வாயுக்களை ஆராய்வோர் இன்றளவும் ஹாரிசன், அய்யர் என்ற பெயர்களை மேற்கோளாகக் காட்டுகிறார்கள். அவர்கள் கூறிய விளக்கம் மாறியது. ஆனால் அவர்கள் அளந்து குறித்துவைத்த செய்தி மாறவில்லை.

மீத்தேன் சேற்றில் எவ்வாறு பிறக்கிறது? வயலில் நீர் தேங்கியதும் மண்ணிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பிறகு நைட்ரேட்டையும், அதன்பின் மண்ணிலுள்ள மாங்கனீசு, இரும்புச் சேர்மங்களையும், சல்பேட்டையும் அவை ஒவ்வொன்றாகப் பயன்படுத்துகின்றன. அடிச்சேறு கருநீல நிறம் கொள்வதற்கு இரும்பு அடையும் மாறுதலே பெருங்காரணம். இவையனைத்தும் தீர்ந்த பின்னரே மீத்தேன் பிறக்கிறது. மக்கும் தழையும் வைக்கோலும் மிகுந்த இடத்தில் அது மிகுதியாகப் பிறக்கும்.

இதுவரை குமிழி வயலுக்குள் அடங்கிய செய்தியாகவே இருந்தது. 1948-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் மார்செல் மிஜியோட், சூரிய ஒளியின் அகச்சிவப்பு நிறமாலையை ஆராய்ந்து, பூமியின் காற்று மண்டலத்தில் மீத்தேன் இருப்பதைக் கண்டார். அது எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? இன்றும்கூட ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டு கன மில்லிமீட்டர்தான். இவ்வளவு நுண்ணிய அளவைக் காண எரித்துப் பார்க்கும் பழைய குழாய் உதவாது. 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்ட காஸ் குரோமடோகிராபி என்னும் வாயுப் பிரிகை முறையே இதற்கு வழி திறந்தது. நீண்ட மெல்லிய குழாய் ஒன்றில் தக்க பொருளை நிரப்பி, அதன் வழியே ஒரு வாயுவை ஓயாமல் ஓடவிடுவார்கள். அந்த ஓட்டத்தில் சோதிக்கவேண்டிய காற்றைச் சிறிதளவு செலுத்துவார்கள். திருவிழாக் கூட்டம் கடைத்தெரு வழியாகச் செல்லும்போது, கடைதோறும் நிற்பவர் பின்தங்கவும் நில்லாதவர் முந்தவும் காண்கிறோமல்லவா? அவ்வாறே குழாயிலுள்ள பொருளோடு அதிகம் ஒட்டும் வாயு பிந்தியும், ஒட்டாத வாயு முந்தியும் தனித்தனியே வெளிவரும். கடைமுனையில் எரியும் சிறு ஹைட்ரஜன் சுடருக்குள் மீத்தேன் புகுந்ததும் மின்னேற்றத் துகள்கள் தோன்றும். அதனால் உண்டாகும் மின்னோட்டத்தைக் கொண்டு மீத்தேனின் அளவைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இந்தக் கருவி வந்தபின்தான் வழக்கு எழுந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் பத்து லட்சத்தில் 0.7 பங்காக இருந்த மீத்தேன் இன்று 1.9 பங்கைத் தாண்டிவிட்டது. எடைக்கு எடை பார்த்தால், நூறாண்டுக் கணக்கில், அது கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியை வெப்பமூட்டுகிறது. இது எங்கிருந்து வருகிறது என்று உலகம் தேடியபோது ஆசிய நாட்டு நெல் வயல்களின்மீது கண் விழுந்தது. மேலைநாட்டு வயல்களில் அளந்த அளவுகளை இந்திய வயல்களுக்கும் பொருத்தி, நம் நாட்டு நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக 1990-ஆம் ஆண்டளவில் கணக்கிட்டார்கள். உலகத் தட்பவெப்ப உடன்படிக்கைக்கு நாடுகள் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வேளைச் சோற்றுக்காகப் பயிரிடும் எளிய உழவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்.

இதற்கு விடையாக உணர்ச்சிமிக்க சொற்பொழிவுகள் போதமாட்டா என்பதை நம் விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள். புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில் 1991-இல் நாடு தழுவிய மீத்தேன் அளவீடு நடந்தது. ஒளி ஊடுருவும் பெட்டியைப் பயிரின்மேல் கவிழ்த்து, குறிப்பிட்ட நிமிட இடைவெளிகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் எடுத்து, நான் சொன்ன வாயுப் பிரிகைக் கருவியில் சோதித்தார்கள். பெட்டிக்குள் மீத்தேன் என்ன வேகத்தில் ஏறுகிறது என்பதிலிருந்து வயல் வெளியிடும் அளவு கிடைத்தது. நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தபோது வந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். குற்றச்சாட்டில் கண்ட தொகையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! நாலு கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட நம் நெற்பரப்புக்கு வகுத்துப் பார்த்தால், ஹெக்டேருக்கு 900 கிலோ என்று சொன்ன இடத்தில் நூறு கிலோவுக்கும் குறைவே உண்மையாக இருந்தது.

ஏன் இந்த வேற்றுமை? அந்நாளில் நம் நாட்டு நெற்பரப்பில் பெரும்பகுதி மழையை நம்பியிருந்தது. இடையிடையே காய்ந்து போவது. மண்ணில் மக்கும் பொருளும் குறைவு. எந்நேரமும் நீர் நிற்கும் வேற்று நாட்டு வயலின் அளவு இதற்கு எப்படிப் பொருந்தும்?

ஆயினும் இளைஞர்களே, இந்த வெற்றியைக் கண்டு நம் டெல்டாப் பகுதி மார்தட்டிக்கொள்ள இயலாது. இந்தியாவின் சராசரி வேறு, தஞ்சை வயல் வேறு. கல்லணையிலிருந்து பிரியும் ஆறுகளும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் ஊட்டும் நம் வயல்களில் நீரைத் தேக்கி வைப்பது நெடுநாள் வழக்கம். எவ்வகை வயலில் மீத்தேன் மிகுதியாகப் பிறக்கும் என்று சற்றுமுன் சொன்னேனோ, அவ்வகை வயல் இது. மித்ரா குழுவினரை உண்மைக்கு அழைத்துச் சென்ற அதே அளவுகோல் நம்மையும் கேள்வி கேட்கிறது.

அதற்கு விடை நம் உழவர் மொழியிலேயே இருக்கிறது. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்கிறோமே, அதுதான். கட்டிய நீர் வடிந்து மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் மறுபடி நீர் பாய்ச்சினால், இடையில் காற்றுப் புகுந்து மீத்தேன் பிறப்பது தடைப்படுகிறது. பலமுறை இவ்வாறு காயவிடும் வயலில் மீத்தேன் ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைவதைப் பல நாடுகளில் அளந்து கண்டிருக்கிறார்கள். காவிரி நீரும் மிச்சமாகிறது. ஆனால் இங்கும் எச்சரிக்கை வேண்டும். மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வெப்பமூட்டும் வாயு சற்று மிகலாம். பூக்கும் பருவத்தில் பயிரைக் காயவிட்டால் மணி பிடிப்பது குன்றும். ஆகவே எவ்வளவு காயவிடுவது, எப்போது பாய்ச்சுவது என்பதை ஊகத்துக்கு விடாமல், குறுவை, சம்பா, தாளடி என்று பருவந்தோறும், களிமண், வண்டல் என்று மண்தோறும் அளந்தறிய வேண்டும். 1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இந்த மண்ணில் அந்த வேலைக்கு இடமும் உண்டு, தேவையும் உண்டு.

இரசாயன வகுப்பில் பியூரெட்டில் ஒரு துளி கூடிவிட்டது, கூடிப்போகட்டும் என்று விட்டுவிடும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்டவனாகவே இருந்தேன். மற்றொருவர் வயலின் எண்ணை நம் வயலுக்கு எழுதியதால் ஒரு நாட்டு உழவர்கள்மீது எவ்வளவு பெரிய பழி விழுந்தது என்பதை அறிந்தபின், அந்த ஒரு துளியை நான் அலட்சியம் செய்ததில்லை. அடுத்த முறை சேற்றில் குமிழி எழக் கண்டால், நூறாண்டுக்கு முன் கோயம்புத்தூரில் அதைக் குப்பியில் பிடித்து அளந்த இருவரையும் எண்ணிப் பாருங்கள். நம் மண்ணுக்கு உரிய எண்ணை நம் மண்ணிலேயே அளக்கும் பணி இனி உங்களுடையது.