மீள்திறன் என்றொரு சொல்

1991 பிப்ரவரி 27. வளைகுடாப் போரில் சண்டை நிறுத்தத்துக்கு முந்தைய நாள். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி ஒருவரை மீட்கப் போன அமெரிக்க ஹெலிகாப்டர் ஈராக் மண்ணில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த எட்டுப் பேரில் ஐவர் இறந்தனர். பிழைத்த மூவரில் ஒருவர் இராணுவ மருத்துவர் ரோண்டா கோர்னம். இரு கைகளும் முறிந்து, தோளில் குண்டுடன் சிறைபிடிக்கப்பட்டார். லாரியில் கொண்டுபோகும் வழியில் காவலன் ஒருவன் அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினான். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் விடுதலையானார்.

அந்த வன்முறை 1992இல்தான் வெளியே தெரிந்தது. படையில் பெண்களுக்கு என்னென்ன பணி தரலாம் என்று ஆராய்ந்த அரசுக் குழு அப்போது கூடியிருந்தது. அன்று தமக்கு நேர்ந்த தீங்குகளின் வரிசையில் அது பெரிதல்ல என்ற பொருளில் கோர்னம் பேசினார். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எப்படி இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது? பிறகுதான் புரிந்தது. வன்புணர்வு அச்சத்தைக் காட்டியே பெண்களைப் போர்முனையிலிருந்து விலக்க நினைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுக்க அவர் மறுத்தார். முறிந்த கையா, தீண்டப்பட்ட உடலா, எது பெரிய காயம் என்று ஒரு பெண்ணுக்காக நாம் முடிவுசெய்ய முடியாது.

பின்னாளில் படைத்தலைவர் பொறுப்புக்கு உயர்ந்த கோர்னமிடம்தான் அமெரிக்கத் தரைப்படை தன் மனவுறுதித் திட்டத்தை ஒப்படைத்தது. 2009இல் தொடங்கிய அத்திட்டம் சுமார் 11 லட்சம் வீரர்களுக்கானது. 105 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீடு. பத்து நாள் பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள். அன்றைய நல்ல விஷயங்களைத் தேடி எழுதும் பழக்கம். தன் எண்ணம் தன்னை எங்கே ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கும் வழிகள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் நடுராத்திரியில் மிக மோசமானதையே கற்பனை செய்துகொண்டு விழித்துக் கிடக்கும் எவருக்கும் அந்த வழிகள் கொஞ்சமாவது உதவும் என்றே நினைக்கிறேன். எனக்கு உதவியிருக்கின்றன. சான்று வேறு விஷயம்: படைத்துறையின் இத்தகைய தடுப்புத் திட்டங்கள் பலவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை 2014இல் கூறியது.

என்னை உறுத்துவது இதன் மூலக்கதை. திட்டத்துக்கு அடித்தளமிட்டவர் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன். 1960களில் அவரும் சக ஆய்வாளர்களும் நாய்களுக்குத் தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு தப்ப வழி இருந்தபோதும் அவற்றில் பல படுத்தே கிடந்தன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1979இல் லெனோர் வாக்கர் அதே கருத்தைக் கொண்டு, அடிக்கும் கணவனை விட்டு மனைவி ஏன் போவதில்லை என்று விளக்கினார். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், எல்லாரும் நாயையே பார்க்கிறாங்க. சுவிட்சைப் பிடிச்சிருந்தது யாரு?” அன்று பாடம் அத்தோடு நின்றது.

‘மீள்திறன்’ என்ற சொல்லே ஒரு கேள்வியை மறைத்து வைத்திருக்கிறது. மீண்டு எங்கே போவது? எதிரியின் குண்டிலிருந்து மீண்டவர் தம் படைக்குத் திரும்பலாம். கை வைத்தவன் அந்தப் படையிலேயே, அடுத்த கட்டிலிலோ மேலதிகாரியின் நாற்காலியிலோ இருந்தால்? 2012ஆம் நிதியாண்டில் மட்டும் அமெரிக்கப் படைகளில் சுமார் 26,000 பேர், ஆண்களும் பெண்களும், விருப்பமற்ற பாலியல் தீண்டலுக்கு ஆளானதாகப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது. மனவுறுதித் திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

2020 ஏப்ரலில் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் வனெஸ்ஸா கியேன் என்ற 20 வயது வீராங்கனை சக வீரனால் கொல்லப்பட்டார். தன்னை ஒருவர் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வதாக அவர் வீட்டில் சொல்லியிருந்தார். பழிவாங்கப்படுவோம் என்று அஞ்சி முறையாகப் புகார் தரவில்லை. அவருடைய அம்மாவும் அக்கா தங்கைகளும் முகாமின் வாசலில் நின்று கத்தினார்கள். நாடெங்கும் பெண் வீரர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதத் தொடங்கினார்கள். பாலியல் வன்முறையும் தொந்தரவும் இடம்பெறச் சூழல் அனுமதித்தது என்று தனிக்குழு அந்த டிசம்பரில் அறிக்கை தந்தது. 14 அதிகாரிகள் நீக்கப்பட்டோ இடைநிறுத்தப்பட்டோ போனார்கள். 2021 டிசம்பரில் சட்டம் மாறியது. பாலியல் வன்முறை வழக்கைத் தொடுப்பதா என்ற முடிவு, குற்றம் சாட்டப்பட்டவரின் தளபதியிடமிருந்து தனி வழக்கறிஞர்களுக்குப் போனது.