வந்தியத்தேவனுக்கு எத்தனை முகம்?

“சார், பிள்ளைகளுக்குப் படம் போட்ட பொன்னியின் செல்வன் புதுசா வந்தா சொல்லுங்க” என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். இந்தக் காத்திருப்பு பழையது.

1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடர் வந்தபோது படம் வரைந்தவர் மணியம். வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் ஏராளம். அதே இதழ் பின்னாளில் மறுபடி தொடராகப் போட்டபோது வினு வரைந்தார், பிறகு பத்மவாசன். கதை தெரிந்தவர்களும் புது வந்தியத்தேவனைப் பார்க்கவே வாங்கினார்கள். யார் வரைந்த குந்தவை அழகு என்று வீட்டுக்குள் சண்டை வேறு!

1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. விலை இறங்கியது, நல்லதுதான். ஆனால் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படமே இல்லை. 2022இல் சினிமா வந்தபின் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்திதான்.

பழைய பைண்டு யாரிடமாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பம்மலுக்குக் கொண்டுவாருங்கள், பேரப்பிள்ளைகளுக்கு மணியத்தைக் காட்டுவோம்.