வானூர்தியும் சட்டத்தரணியின் பேனாவும்



லுணுகலையிலும் ஊவாவின் பிற மலைச்சாரல்களிலும், தோட்ட மக்கள் ஸ்டோர் என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டவர்கள் ஜாக்சன், சிரோக்கோ என்னும் பெயர்களை அறிந்திருப்பர். கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் அமைந்த அப்பொறிகள் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றவை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குக் குறிப்பிட்ட காலம்வரை அதன் பயனை அரசு உரித்தாக்கித் தருவதே அப்பத்திரம். அதனை வரையும் சட்டத்தரணியின் சொற்கள் ஒரு தொழிலையே வளர்க்கவும் தளர்த்தவும் வல்லவை. வானூர்தியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர், 1903 மார்ச்சில் தாமே விண்ணப்பம் எழுதி அனுப்பினர். விளக்கம் தெளிவற்றது என்று அலுவலகம் அதனை ஏற்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்கள் விசைப்பொறியுடன் வானிற் பறந்தனர். ஆயினும் கையில் உரிமைப் பத்திரம் இல்லை. 1904 ஜனவரியில் மூத்தவரான வில்பர், ஸ்பிரிங்பீல்ட் நகரத்துச் சட்டத்தரணி ஹரி டூல்மினை நாடினார்.

டூல்மின் கூறிய யோசனை நுட்பமானது. பறக்கும் பொறிக்கு அன்று, அதனை வானில் ஆளும் முறைக்கே உரிமை கோர வேண்டும் என்றார். இறக்கையின் இரு ஓரங்களையும் வெவ்வேறு கோணத்திற் சாய்த்துச் சமநிலை காத்தலும், அதனோடு சுக்கானை இசைத்தலும் அவர் வரைந்த கோரிக்கையின் உயிர்நாடி. இறக்கையை முறுக்கினாலும் வேறு வழியாற் செய்தாலும் பொருந்துமாறு சொற்கள் அமைந்தன. 1906 மே 22ஆம் நாள், 821,393 என்ற இலக்கத்துடன் பத்திரம் கிடைத்தது.

கிளென் கேர்ட்டிஸ் என்பார் இறக்கையை முறுக்காது, சிறு மடல்களைப் பொருத்திப் பறந்தார். 1909இல் ரைட் சகோதரர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். இத்தகைய மடல்களுக்கு 1868இலேயே இங்கிலாந்தில் மத்தேயு போல்ற்றன் உரிமை பெற்றிருந்தார். எனினும் 1914இல் மேன்முறையீட்டு மன்றம் ரைட் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்க வில்பர் இல்லை. 1912இல், 45ஆவது வயதில், நெருப்புக்காய்ச்சலால் மறைந்துவிட்டார்.

1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியபோது, அதன் விமானிகள் பலர் பிரான்சிய வானூர்திகளிற் பறக்க நேர்ந்தது. வழக்குகளே அதற்கு முழுக் காரணம் என்பது மிகை. ஐரோப்பிய அரசுகளைப் போல அமெரிக்க அரசு முன்னரே வானூர்திகளைப் பெருவாரியாக வாங்காததும் ஒரு காரணமாகும். அவ்வாண்டே உற்பத்தியாளர் தம் உரிமைகளைப் பொதுவில் வைத்து, வானூர்தி ஒன்றுக்கு 200 டொலர் செலுத்தும் உடன்படிக்கைக்கு வந்தனர். வழக்காடிய பேனாவே இணக்கத்தையும் எழுதிற்று.

வேலியில்லாப் பயிர் நிலைப்பதில்லை. அவ்வேலியே வயல் முழுவதையும் அடைத்துக்கொண்டால் உழுபவனுக்கும் இடமில்லை. எவ்வளவு நிலத்துக்கு வேலி என்பதை வரையறுப்பதே சட்டத்தின் கடமை. அவ்வரம்பு தவறாது காப்பதே அறிவை மதிக்கும் சமுதாயத்தின் கடமை.