நடுச் சதுரம்

சென்ற கூட்டத்தில், நடுவிலுள்ள விளையாட்டு இடத்தைக் கார் பார்க்கிங் ஆக்கலாமா என்று பேசினோம். எனக்கு அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊர் நினைவுக்கு வந்தது.

1638-ல் ஆங்கிலேயப் பியூரிட்டன்கள் க்வினிபியாக் பழங்குடியினரிடம் அந்த நிலத்தை வாங்கினார்கள். கொடுத்தது 12 கோட்டு, 12 கோடாலி, 12 மண்வெட்டி, 12 ஸ்பூன், 24 கத்தி, இன்னும் சில சாமான்கள். வங்கியில் எத்தனையோ கிரயப் பத்திரம் பார்த்த எனக்கே இது உறுத்துகிறது.

நிலத்தை ஒன்பது சதுரமாகப் பிரித்து எட்டில் குடியேறினார்கள். நடுச் சதுரம் எல்லோருக்கும் பொது. 1718-ல், நம் சென்னைக் கோட்டையின் முன்னாள் கவர்னர் எலிஹு யேல் அனுப்பிய சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. அவ்வூர்க் கல்லூரி அவர் பெயரைப் பெற்றது. ஊர் நகரமானது. சுமார் 16 ஏக்கர் நடு மைதானம் மட்டும் இன்றும் பொதுவாகவே இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் கை தூக்கும் முன் இதையும் யோசிப்போம்.